ஆள் வருது

மங்கையர்க்கரசிக்கு அநியாயம் செய்தவள் அவளுடைய சிநேகிதி எஸ்தர். ஒரே ஒரு வாக்கியத்தால் செய்தாள், அதையும் நேரில் வந்து சொல்லவில்லை. மதுரை சந்திப்பிலிருந்து செங்கோட்டை பாசஞ்சர் ஒரு குலுக்குக் குலுக்கி நகரத் தொடங்கிய பிறகு, எஸ்தருக்காக ஜன்னல் வழியே துப்பட்டா போட்டுப் பிடித்து வைத்த இடம் காலியாகவே நகரத் தொடங்கிய பிறகு, வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவாக வந்தது. "மங்க, சாரிடி. நான் ஸ்டேஷனுக்கு வரல. இவரு நேத்தே கார எடுத்துட்டு வந்துட்டாரு, இவரோட அக்காவும் வந்திருக்காங்க, எல்லாரும் கார்லயே செங்கோட்டை போறோம். நீ ஏறியிருந்தேன்னா ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கிரு, ஸ்டேஷன் வாசல்ல வந்து ஏத்திக்கிறோம். இனிமே எதுக்குடி அந்த ட்ரெயின்ல இடிபட்டுக்கிட்டு? நமக்கு அப்ப வண்டி இல்ல, வேற வழியில்லாமத்தானே ட்ரெயின்ல போனோம். அப்புறம், அங்க பரோட்டாக் கடையில ஒரே ஆம்பளக் கூட்டமா இருக்குமாம். பார்சல் வாங்கிட்டு அருவிப் பக்கமா வண்டிய நிப்பாட்டி உள்ளயே உக்காந்து சாப்பிடலாம்னு சொல்றாரு. ஓகேவா?" வேற வழியில்லாமத்தானே. அந்த 'தானே'யில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. எஸ்தரின் சிரிப்பு மங்கைக்குத் தெரியும், மூக்கில் தொடங்கி இருமலில் முடியும். இது அதுவல்ல, முன் சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சிரித்த சிரிப்பு, மருமகள் சிரிப்பு. நிச்சயதார்த்தம் முடிந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பழகிவிட்டாள்.

வேற வழியில்லாமத்தானே. பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிற மங்கைக்கு எந்த வாக்கியத்தையும் மறுத்துவிட முடியும் என்று ஒரு பேர் உண்டு. பட்டிமன்றத்தில் எந்த அணியில் போட்டாலும் அந்த அணிக்காகக் கழுத்து நரம்பு புடைக்கப் பேசுவாள். முன்வரிசையில் உட்கார்ந்து எஸ்தர் கொட்டாவி விடுவாள். இப்போது அந்தக் கொட்டாவி விடுகிற வாயிலிருந்தே வந்த வாக்கியத்துக்கு மறுப்பு தேட வேண்டியிருக்கிறது. நடுவர் அவர்களே, எதிரணித் தோழி சொல்கிறார், வண்டி இல்லாததால் ரயிலில் போனோமாம். சரி, முதல் தடவைக்கு ஒத்துக்கொள்கிறேன். மணப்பாறைக்கு முறுக்குத் தின்னப் போனபோது எங்களிடம் வண்டி இல்லை, சைக்கிள்கூட இல்லை. சாத்தூருக்கு? காராசேவு வாணலியிலிருந்து இறங்கிக் கை சுடச்சுட வாங்கித் தின்றோமே, அன்றைக்கும் வண்டி இல்லாத ஏக்கத்திலா தின்றோம்? விருதுநகர்? திண்டுக்கல்? தூத்துக்குடியில் மக்ரூன் தூளைச் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டு துறைமுகக் காற்றில் நடந்தோமே? ஒரு வேலையை வேறு வழியில்லாமல் எத்தனை தடவை செய்வார்கள்? ஒரு தடவை செய்வார்கள், ரெண்டு தடவை செய்வார்கள். ரெண்டு வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமையாக விடியும்முன் எழுந்து, தலைக்குக் குளித்து, வெறும் வயிற்றோடு ஓடி வந்து செய்தால் அதற்குப் பேர் வேறு. அந்தப் பேர் என்ன என்பதுதான் வாயில் வர மாட்டேன் என்கிறது. வெளியே பசுமலை போனது. எஸ்தரின் வீடு அந்தத் தேவாலயத்துக்குப் பின்னால் மூன்றாவது சந்தில். வீட்டு வாசலில் இந்நேரம் கார் நின்றிருக்கும், கிளம்பியிருக்கும், கண்ணாடியில் ஒரு சின்ன சிலுவை ஆடிக்கொண்டிருக்கும். காரைக் கண்டு மங்கைக்கு என்ன பொறாமையா? ஆமாம், கொஞ்சம் பொறாமைதான், இருக்கட்டும், அது இந்த வழக்கில் சேராது.

திருமங்கலத்தில் கூட்டம் ஏறியது. துப்பட்டா போட்ட இடத்தைப் பார்த்து ஒவ்வொருவராகக் கேட்டார்கள், "இங்க ஆள் வருதா?" மங்கை ஒவ்வொருவரிடமும், "ஆள் வருது" என்றாள். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. ரெண்டு வருஷமாகச் சொன்ன பொய் அது, பொய்யும் இல்லை, எஸ்தர் எப்போதும் ரயில் நகர்ந்த பிறகுதான் தேநீரும் கையுமாக ஓடி வந்து ஏறுவாள், அதுவரை இடத்தைக் காப்பது மங்கையின் வேலை. துப்பட்டாவும் எஸ்தருடையதுதான். மாம்பழ நிறம், ஓரத்தில் சாத்தூர் எண்ணெய்க் கறை. துவைத்துத் தருகிறேன் என்று வாங்கி, துவைத்தும் கறை போகாமல், திருப்பிக் கொடுக்காமலே பையில் கிடக்கிறது. கடைசியாக ஒரு பெரிய அம்மாள் வந்தார், கையில் தூக்குப்போணி, இடுப்பில் ஒரு பை, தோளில் இன்னொரு பை. "ஆள் வருது" என்றாள் மங்கை. "எங்கிட்டு இருந்து வருது?" என்றார் அந்த அம்மாள். "மதுரையில ஏறணும்." "மதுரையில ஏற வேண்டிய ஆளு திருமங்கலம் வரைக்கும் வரலைன்னா, வண்டிக்குப் பின்னாடியே ஓடி வருதா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மங்கைக்கு நாக்கு துடித்தது, பொது இருக்கையில் உரிமை என்பது எப்போது தொடங்குகிறது என்று ஒரு பதிலே தயாராகிவிட்டது. அதற்குள் அந்த அம்மாள், "இந்தாத்தா, துப்பட்டாவா டிக்கெட் எடுத்திருக்கு?" என்று அதை மடித்து மங்கையின் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான், எஸ்தரின் இடம் போய்விட்டது. அதை அபகரித்தது இந்த அம்மாளா, காரா? அம்மாளின் முழங்கை விலாவில் இடித்தது. எஸ்தரின் முழங்கையும் இடிக்கும், ஆனால் அவள் இடித்தால் ஏதாவது சொல்லப் போகிறாள் என்று அர்த்தம்.

கள்ளிக்குடிக்கு வருமுன் தூக்குப்போணி திறந்தது. இட்லி, மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய். மணம் வந்து நேராக வயிற்றின் மேல் உட்கார்ந்தது. "சாப்பிடுத்தா." "இல்லங்க, வேணாம்." "விரதமா?" "இல்ல, சாப்பிடத்தான் போய்க்கிட்டு இருக்கேன்." "யாரு வீட்டுக்கு?" "வீட்டுக்கு இல்ல, கடைக்கு. செங்கோட்டையில பரோட்டா, கோழி." "அங்கன வேற என்ன சோலி?" "வேற ஒண்ணுமில்ல. சாப்பிட்டுத் திரும்பி வந்துருவேன்." அந்த அம்மாள் இட்லித் துண்டை அந்தரத்தில் நிறுத்தினார். "வீட்ல சோறு போட மாட்டாகளா?" இந்தக் கேள்வியை மங்கை எத்தனையோ வடிவத்தில் கேட்டிருக்கிறாள். அம்மாவுக்குப் பயந்து வீட்டில் செமினார் என்பாள், நூலகம் என்பாள், ஒரு தடவை ரத்ததான முகாம் என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். ஒரு பெண் ரயிலேறிக் கோயிலுக்குப் போகலாம், பரீட்சைக்குப் போகலாம், துக்கத்துக்குப் போகலாம், பிரசவம் பார்க்கப் போகலாம். தன் நாக்குக்காகப் போகிறேன் என்று சொல்ல முடியாது. ஆண்கள் போகலாம், நாலு பேர் சேர்ந்து பைக்கில் போய்த் தின்றுவிட்டு வந்து அதை ஒரு வீரமாகச் சொல்லலாம். பெண் போனால், வீட்டில் சோறு போடவில்லை! மங்கைக்கு இதையெல்லாம் கோபமாகச் சொல்லத் தெரியும், மேடையில் சொல்லிக் கைதட்டும் வாங்கியிருக்கிறாள். ஆனால் வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தவள் எஸ்தர். "சாப்பிடப் போறோம்ப்பா" என்பாள், அவளுடைய அப்பா சிரித்துவிட்டு, "எனக்கு ரெண்டு கட்டி வாங்கிட்டு வா" என்பார். அப்படிப்பட்டவள் சொல்கிறாள், வேற வழியில்லாமல் என்று. பொய் சொல்லிவிட்டு வந்தவளுக்கு இருக்கிற ரோஷம் உண்மை சொல்லிவிட்டு வந்தவளுக்கு இல்லாமல் போனதெப்படி? மிளகாய்ப்பொடி மணம் போகவே இல்லை. போய்ச் சேரும் ஊர்வரை தேநீர் தவிர எதுவும் கூடாது என்பது இருவரும் போட்ட சட்டம். மங்கை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சட்டங்கள் இன்னும் இருந்தன. ஊரில் இறங்கினதும் கைப்பேசியை எடுத்துத் தேடக் கூடாது. மூன்று பேரைக் கேட்க வேண்டும். பளிச்சென்று பதில் சொல்கிறவர் சொல்லும் கடைக்குப் போகக் கூடாது, கொஞ்ச நேரம் மோவாயைத் தடவி, "முன்ன மாதிரி இல்ல, இருந்தாலும்..." என்று இழுக்கிறவர் சொல்லும் கடைக்குத்தான் போக வேண்டும். அப்புறம் முக்கியமான சட்டம், எதை வாங்கினாலும் ஒன்றுதான் வாங்க வேண்டும், ஆளுக்குப் பாதி. அப்போதுதான் வயிற்றில் அடுத்ததுக்கு இடம் இருக்கும். ஒரு பரோட்டாவைப் பிய்ப்பது எஸ்தர், எது பெரிய பாதி என்று தேர்ந்தெடுப்பது மங்கை. எஸ்தர் பிய்த்தால் இரண்டும் ஒரே அளவாக இருக்காது, வேண்டுமென்றே ஒன்றைப் பெரிதாக விடுவாள், மங்கை அதை எடுத்துக்கொண்டு, "நீதாண்டி பிச்ச" என்பாள். இப்போது பாதியாகப் பிய்க்க ஆள் இல்லாமல் ஒருத்தி எப்படிச் சாப்பிடுவது? முழுதாகவா? நினைத்த உடனே வயிற்றுக்குள் ஏதோ சுருங்கியது. பசி அது என்று சொல்லிக்கொண்டாள். பசி இல்லை. மங்கை இதுவரை ஒரு கடைக்குள் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. பல்கலைக்கழகக் கேன்டீனில்கூட யாரும் இல்லாவிட்டால் ஒரு பன்னை வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விடுவாள். இந்த உண்மை இத்தனை நாள் எங்கே இருந்தது? எஸ்தரின் பின்னால் இருந்தது. அதை யோசிக்க வேண்டாம். காரை யோசிப்போம். கார் என்ன செய்யும்? புறவழிச்சாலையில் போகும். புறவழிச்சாலையில் ஊர் கிடையாது, ஊர்ப் பேர் எழுதின பச்சைப் பலகைதான் உண்டு. கார் எங்கே நிற்கும்? நிறுத்த இடம் இருக்கிற கடையில் நிற்கும். அந்தக் கடையில் எல்லா ஊர்ச் சாப்பாடும் கிடைக்கும், எந்த ஊர்ச் சாப்பாடும் கிடைக்காது. ரயில் அப்படியா? ஊரின் இடுப்பிலேயே கொண்டுபோய் இறக்கிவிடும், அங்கிருந்து சந்தையைத் தாண்டி, சாக்கடையைத் தாண்டி, நாலு பேரிடம் வழி கேட்டு, ரெண்டு பேர் தப்பு வழி சொல்லி, நடந்து போய்ச் சேரும்போது அந்த ஊர்ப் பசி நமக்கும் வந்திருக்கும். கேட்டீங்களா நடுவர் அவர்களே? நடுவர் நாற்காலியில் யாருமில்லை. முன்வரிசையிலும் யாருமில்லை.

விருதுநகரில் ரயில் நெடுநேரம் நின்றது. இந்த நடைமேடையில்தான் அன்றைக்கு இறங்கினார்கள். எண்ணெயில் பொரித்த பரோட்டா தின்ன வந்த நாள். கடைக்குள் காலை வைத்ததுமே பரிமாறுகிறவர், "பேமிலி ரூம் உள்ள இருக்கும்மா" என்று கையைக் காட்டினார். பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் ஓர் அறை, சுற்றாத ஒரு மின்விசிறி, கை கழுவும் தொட்டியின் வாடை, மூலையில் காலி கூல்டிரிங்க்ஸ் பெட்டிகள். வெளியே கல்லில் மாவை வீசுகிற சத்தம், பரோட்டாவை அடுக்கி இரண்டு கையாலும் அடிக்கிற சத்தம், அதைப் பார்க்கத்தானே வந்தது! மங்கை பிடித்துக்கொண்டாள். "ஏன், பொம்பளைங்க வெளிய உக்காந்தா பரோட்டா வேகாதா? எந்தச் சட்டத்துல இருக்கு? ஓனரக் கூப்பிடுங்க." கடையே திரும்பிப் பார்த்தது. பரிமாறுகிறவர் பாவம் முழித்தார். "கூட்டமா இருக்கும்மா, ஒங்க நல்லதுக்குத்தான்." "எங்க நல்லதை நாங்க பாத்துக்கிறோம்." அவள் பேசிக்கொண்டே இருந்தாள், வாசலில் நின்றபடியே. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நினைவு ஏதோ துணி முள்ளில் மாட்டின மாதிரி நின்றுவிடும். ஏனென்றால் அவள் பேசிக்கொண்டிருந்தபோது எஸ்தர் ஒன்றும் பேசாமல் உள்ளே நடந்து போனாள். கல்லுக்கு நேர் எதிரே இருந்த பெஞ்சில், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு ஆளிடம், "அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள். அவர் தள்ளி உட்கார்ந்தார். எஸ்தர் உட்கார்ந்து, இலைக்குத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுத் திரும்பி, "அண்ணே, நாங்க பேமிலி இல்ல. ரெண்டு பேரும் சாப்பிட வந்தவங்க. ஒரு செட்டு போடுங்க. ஏய் மங்க, பேசி முடிச்சுட்டியா? வா" என்றாள். அவ்வளவுதான். கடை தன் வேலையைப் பார்க்கத் திரும்பியது. இந்தக் கதையை மங்கை வகுப்பில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் தான் பேசினது நீளமாகவும் எஸ்தர் பேசினது சின்னதாகவும் வரும், கேட்பவர்கள் சிரிப்பது மட்டும் அந்தச் சின்னதுக்கு. அந்த எஸ்தர்! அந்தப் பெஞ்சில் இடம் கேட்டு வாங்கினவள் இன்றைக்குச் சொல்கிறாள், ஆம்பளக் கூட்டமா இருக்குமாம், பார்சல் வாங்கிக்கலாமாம். இருக்குமாம்! யார் சொல்லி யார் கேட்பது? நீ போய் உட்கார்ந்திருக்கிறாயடி, உனக்குத் தெரியாதா அங்கே என்ன இருக்கும் என்று?

பார்சல். ரயில் கிளம்பிவிட்டது, திருத்தங்கல் போய்விட்டது, வெயில் ஏறிவிட்டது, மங்கை பார்சலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பரோட்டாவைப் பார்சல் கட்டுவது என்றால் என்ன? வெந்து இறங்கின உடனே மொறுமொறுவென்று இருப்பதைச் சூட்டோடு தாளில் சுற்றினால் தன் ஆவியிலேயே புழுங்கிச் சவசவவென்று ஆகும். சால்னாவைப் பாலித்தீன் பையில் ஊற்றி, காற்றடித்து, வாயை நூலால் கட்டிக் கொடுப்பார்கள். அதை அவிழ்க்க முடியாது, பல்லால் கடிப்பார்கள், சட்டையில் தெறிக்கும். காரில் என்றால் சீட்டில் தெறிக்கும். உடனே அவர், அந்த ஜெயசீலன், ஒன்றும் சொல்ல மாட்டார், நல்ல மனுஷன்தான், அதுதான் கஷ்டம், நிச்சயதார்த்தத்தில் மங்கைக்கு நாற்காலி எடுத்துப் போட்டவர். ஒன்றும் சொல்லாமல் ஒரு டிஷ்யூவை எடுத்து நீட்டுவார். அந்த அக்கா, "பரவால்லம்மா" என்பார். மங்கை பின் சீட்டில் முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டு, மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, தாங்க்ஸ் என்பாள். தாங்க்ஸ்! இனிமேல் எல்லாச் சனிக்கிழமையும் அப்படித்தான். பாவம், தனியா வருதே, ஏத்திக்குவோம். முதலில் மாதம் ஒரு தடவை. அப்புறம் எஸ்தருக்குக் குழந்தை பிறக்கும், பிள்ளைக்குக் காரம் ஆகாது என்பார்கள், கடையில் தயிர்சாதம் கேட்பார்கள். அப்புறம் ஒரு நாள் எங்கேயாவது ஒரு கல்யாண வீட்டில் எஸ்தர் யாரிடமோ சொல்வாள், இவளும் நானும் காலேஜ் படிக்கிறப்ப ட்ரெயின்ல போய்ப் போய்ச் சாப்பிடுவோம், வண்டி இல்ல பாருங்க. எல்லாரும் சிரிப்பார்கள். மங்கையும் சிரிக்க வேண்டியிருக்கும். அந்தச் சிரிப்புதான் பயமாக இருந்தது. இருந்ததை இல்லாமல் பண்ண யாரும் நெருப்பு வைக்க வேண்டாம், 'தானே' என்று ஒன்றைச் சேர்த்தால் போதும்.

சிவகாசி தாண்டி ஒரு கேட்டில் ரயில் நீளமாக ஊதிக்கொண்டு போனது. அடைத்த கேட்டுக்கு அந்தப் பக்கம் லாரி, பஸ், தீப்பெட்டிக் கட்டு ஏற்றின டெம்போ, ரெண்டு மூன்று வெள்ளைக் கார். எல்லாக் காரும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. மங்கை சும்மா பார்த்தாள், பார்த்துக் கடந்தும் போய்விட்டாள், அப்புறம் மடியில் கைப்பேசி அதிர்ந்தது. எஸ்தர் எழுதியிருந்தாள்: "கேட்ல மாட்டிக்கிட்டோம்டி! இப்பப் போறது உன் ட்ரெயின்தானே? கையைக் காட்டு, கையைக் காட்டு!" மங்கை எழுந்தே விட்டாள். பக்கத்து அம்மாள், "என்னத்தா, என்ன?" என்று பதறினார். ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்திப் பின்னால் பார்த்தாள். கேட் ஒரு கோடாகி, கோடும் போய், வேலிக்கருவைதான் ஓடிக்கொண்டிருந்தது. கார் நின்றது, ரயில் போனது. இதைவிட ஒரு வாதம் வேண்டுமா? நாலு வழிச் சாலையில் பறந்து வந்த கார் ஒரு பாசஞ்சருக்காக வாயை மூடிக்கொண்டு நிற்கிறது! மங்கைக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு முடிகிற இடத்தில் கண் கரித்தது. கையைக் காட்டு என்று ரெண்டு தடவை எழுதியிருக்கிறாள். மருமகள் ரெண்டு தடவை எழுத மாட்டாள். அவள் காரைவிட்டு இறங்கி நின்றிருப்பாளோ? பெட்டி பெட்டியாகப் பார்த்திருப்பாளோ? ஜன்னல் பக்கத்து இடத்தை எப்போதும் மங்கைக்கு விட்டுவிட்டு, மங்கையின் தோளுக்கு மேலாகவே வெளியே பார்த்து ரெண்டு வருஷம் வந்தவள், இன்றைக்கு வெளியே நின்று ஜன்னலைப் பார்த்திருக்கிறாள். சரி, பார்க்கட்டும்! பார்த்துவிட்டு மறுபடியும் காரில்தானே ஏறியிருப்பாள்? அடுத்த செய்தி வந்தது. "நீ எங்களுக்கு முந்திப் போயிருவ. இறங்கி ஸ்டேஷன் வாசல்ல நில்லு. வந்துருவோம்."

ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்போது மங்கை பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். இறங்குவதா என்று தீர்மானித்து எழவில்லை, கால் எழுந்துவிட்டது. இறங்கினால் என்ன? சண்டை இருக்காது. எஸ்தர் கட்டிக்கொள்வாள். ஏசி இருக்கும். தனியாக அந்தக் கடைக்குள் போக வேண்டியதில்லை, முக்கியமாக அதுதான், கடை வாசலில் நின்று உள்ளே இருக்கிற அத்தனை முகமும் திரும்புகிற அந்த ஒரு நொடி இருக்காது. நடைமேடையில் பால்கோவா விற்கிறவர், "கோவா, கோவா" என்று ஓடினார். பால்கோவாவும் பாதிதான், முன்பு ஒரு தடவை இங்கே வந்தபோது மந்தார இலையில் இருந்ததை எஸ்தர் விரலால் கோடு போட்டுப் பிரித்தாள். முதுகில் ஒரு தூக்குப்போணி இடித்தது. "இறங்குறியா, நிக்கிறியா? நடுவழியில நின்னா எப்பிடித்தா?" அந்த அம்மாளுக்கும் இங்கேதான் இறங்க வேண்டும். மங்கை ஒதுங்கி வழிவிட்டாள். அம்மாள் இறங்கி, பைகளைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்த்து, "செங்கோட்டைன்னுதான சொன்ன? இது செங்கோட்ட இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஊர்ப் பேர் தெரியாதவள் என்று நினைத்திருப்பார். ரயில் ஊதியது. மங்கை வாசல் கம்பியைப் பிடித்தாள். இறங்கவில்லை. அதை ஒரு தீர்மானம் என்று பின்னால் சொல்லிக்கொள்ளலாம், அந்த நேரத்தில் கை கம்பியை விடவில்லை, அவ்வளவுதான். நடைமேடை கைவிட்டுப் போனது. திரும்பிப் போய்ப் பார்த்தால் அவள் இடம், எஸ்தர் இடம், ரெண்டும் காலி.

ராஜபாளையத்தில் மலை பக்கத்தில் வந்துவிட்டது. கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. "எங்கடி இருக்க?" "வாசல்ல நிக்கிறோம்." "மங்க?" "ஏன் இறங்கல?" அப்புறம், "கோவமா?" மங்கை பதில் எழுதத் தொடங்கினாள். கோபமாக இல்லை என்று எழுதி அழித்தாள், பொய். உன் ஒரு வாக்கியத்தில் மூன்று பிழைகள் என்று தொடங்கி ஒரு முழம் எழுதினாள், சங்கரன்கோவில் வந்தது, படித்துப் பார்த்தாள், மேடைப்பேச்சு மாதிரி இருந்தது, அழித்தாள். பின்னே, எஸ்தர் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? வண்டி இல்லை. வேறு வழியில்லை. உண்மைதான். வண்டி இருந்திருந்தால் ஒருவேளை அதில்தான் போயிருப்பார்கள், மணப்பாறைக்கும் போயிருக்க மாட்டார்கள், பைபாஸில் ஏதாவது ஒரு கடையில் மசால்தோசை தின்றுவிட்டு வந்திருப்பார்கள். இல்லாததால் கிடைத்தது இது. இல்லாததால் கிடைத்தது என்பதற்காக அது குறைந்த சரக்கா? நன்றாக இருந்த பிறகு, எப்படி வந்தது என்று கேட்டு அதன் மார்க்கைக் குறைக்கிறது என்ன நியாயம்? இதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள், கிடைத்துவிட்டது, பட்டிமன்றத்தில் சொன்னால் கைதட்டு விழும். ஆனால் எஸ்தர் கொட்டாவிதான் விடுவாள். எஸ்தருக்குப் பேச்சு வேண்டாம். எஸ்தர் போய் உட்கார்ந்துவிடுகிறவள். பேசி முடிச்சுட்டியா, வா. பாம்புக்கோவில்சந்தை, கடையநல்லூர், தென்காசி. மங்கை கைப்பேசியை மூடி வைத்துவிட்டாள். மலைக்காற்று வந்தது, வயிறு இப்போது நிஜமாகவே பசித்தது.

செங்கோட்டையில் இறங்கி மூன்று பேரைக் கேட்டாள். ஆட்டோக்காரர் பளிச்சென்று ஒரு கடையைச் சொன்னார். பூக்காரப் பெண் அதையே சொன்னார். தண்டவாளத்தைத் தாண்டி வந்த ஒரு தபால்காரர் மோவாயைத் தடவி, "எல்லைக்குப் போற ரோட்டுல, புளியமரத்துக்கு எதுத்தாப்ல ஒண்ணு இருக்கு, முன்ன மாதிரி இல்ல..." என்று இழுத்தார். மங்கை அவர் சொன்ன கடைக்கு பஸ் ஏறினாள். கடை வாசலிலேயே கல், கல்லில் அடுக்கடுக்காகப் பரோட்டா, மிளகுக்கோழி மணம், உள்ளே பெஞ்சு பெஞ்சாக ஆண்கள். அத்தனை முகமும் திரும்பின. அந்த நொடி வந்துவிட்டது, பயந்த அளவுக்குத்தான் இருந்தது, குறையவில்லை. பரிமாறுகிறவர், "ஒரு ஆளாம்மா? பேமிலி ரூம் உள்ள இருக்கு. இல்ல, பார்சலா?" என்றார். சட்டம், உரிமை, ஓனர், எல்லாம் தொண்டை வரை வந்தன. மங்கை ஒன்றும் சொல்லாமல் நடந்தாள். கல்லுக்கு நேராக இருந்த பெஞ்சில், "அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள். குரல் பாதி காற்றாகத்தான் வந்தது, ஆனாலும் அவர் தள்ளி உட்கார்ந்தார். எதிர் பெஞ்சில் மாம்பழ நிறத் துப்பட்டாவைப் போட்டாள். இலை வந்தது, தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு ஒரு செட்டு சொன்னாள். "இங்க ஆள் வருதா?" என்று கேட்டுக்கொண்டு ஒருவர் எதிரே வந்து நின்றார். மங்கை ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, கைப்பேசியைத் திறந்து, காலையிலிருந்து கொடுக்காத பதிலை எழுதினாள்:

"கோவம்தான். கல்லுக்கு நேரா உக்காந்திருக்கேன், உள் ரூம்ல இல்ல. எல்லைக்குப் போற ரோடு, புளியமரத்துக்கு எதுத்த கடை. வண்டி நிறுத்த இடம் கிடையாது, தள்ளி விட்டுட்டு நடந்து வா. உன் இடத்துல துப்பட்டா போட்டிருக்கேன், கேக்குறவங்ககிட்ட ஆள் வருதுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒரு செட்டுதான் சொல்லியிருக்கேன். பாதி சாப்பிடுவேன். மீதியைப் பார்சல் கட்ட விடமாட்டேன்."